மக்லாரன் என்ற பெயர் எங்களுக்கு வந்த கதை

அப்பா கண்மூடி ஓராண்டாகிறது. அழுது எழுதவேண்டிய இந்த நினைவு மலரில் வெட்கத்தோடு எழுதுகிறேன். உறவுகள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பிறந்தவர். தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அம்மாவை இழந்து, சண்டையில் வீட்டையும் இழந்து, தொண்ணூற்றிரண்டில் இத்தாலியின் பலெர்மோவுக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். சும்மா இருக்கமாட்டார். நாங்கள் குடியிருந்த பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறிக் கபோ சந்தைக்குப் போய், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசியே இத்தாலியன் பழகினார். பொய் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

எனக்கு வந்தது. வியா மக்வேதா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா, என் வதிவிட அனுமதியான பெர்மெசோவில் மக்லாரன் என்று இருப்பதைக் கண்டு, "இது ஸ்கொட்லாந்துப் பெயரல்லவா?" என்று வியந்தார். நிலம் துடைத்துக்கொண்டிருந்த நான், எங்கள் பூட்டனார் ஸ்கொட்லாந்துக் கப்டன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கும் மேசையில் கோப்பி வைத்தார்கள்.

ஒரு ஞாயிறு அப்பாவையும் சாப்பிட அழைத்தார்கள். ஸ்கொட்லாந்து மொழியில் 'மக்' என்றால் மகன், மக்லாரன் என்றால் லாரன் என்பவரின் மகன் என்று விளக்கிய விருந்தாளி ஒருவர், கப்டனைப் பற்றிக் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கப்டனோ? என்ர அப்பாவைப் பெத்த பேரனார் வைரவன். கண்டியிலை மக்லாரன் எண்ட ஸ்கொட்லாந்துப் பாதிரியார் வீட்டிலை குதிரை லாயம் கூட்டினவர். பாதிரியார்தான் அவருக்கு எழுத்துப் படிப்பிச்சவர். அந்த நன்றிக்கு ஞானஸ்நானத்திலை அவற்ற பேரை எடுத்தவர். சொல்லு பிள்ளை."

கப்டன் குதிரையில் வந்திறங்குவது அப்பாவுக்கு இன்னும் நினைவிருக்கிறதாம் என்று இத்தாலியனில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தட்டைப் பார்த்தபடி இருந்தார். சந்தை இத்தாலியன்தானே, விளங்காது என்று நினைத்தேன். மடைச்சி நான்!

திரும்பும்போது பஸ்ஸில்தான் வாய் திறந்தார்.

"குதிரைச் சாணி அள்ளின மனிசன்தான் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டவர். இன்னாற்ற மகன் எண்டு சொல்லத்தானே அவங்கள் பேர் வைக்கிறாங்கள். நீ பேரை வைச்சுக்கொண்டு ஆளைத் துரத்திப்போட்டாய்."

"அப்பா, வேலை இடம்..."

"ஓம், விளங்குது."

அதன்பின் அவர் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

அப்பா நெஞ்சுவலியால் மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனபோது, இந்த ஊர் வழக்கப்படி சின்யோரா அன்போடு மரண அறிவித்தல் அச்சிட்டுச் சுவர்களில் ஒட்டுவித்தார். 'ஸ்கொட்லாந்துக் கப்டனின் பேரன்' என்று அதில் இருந்தது. பிழை என்று சொல்லாமல், மழை அதைக் கரைக்கும்வரை தினமும் அதைக் கடந்தே வேலைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் மாறிமாறிக் காவலிருந்த மன்னார்ச் சகோதரிகளுக்கும், இறுதிநாளில் எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், சின்யோராவுக்கும் நன்றி கூறுகிறேன். சின்யோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இதை இத்தாலியனிலும் எழுதி மலரோடு சேர்த்திருக்கிறேன். முதல் பிரதியை நாளை காலை அவர் கையில் கொடுப்பேன். அதன் பிறகு மேசையில் கோப்பி இருக்குமோ, வேலையே இருக்குமோ, தெரியாது.

இப்படிக்கு,
லாயம் கூட்டிய வைரவனின் பூட்டப்பிள்ளை