அளந்து அறுத்த மாத்திரை

பட்டறைக்காரர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் இரும்பைத் தலைமுடி கனத்துக்குச் சீவச் சொன்னால் சீவிக் கொடுத்துவிடுவார். இரும்பு கடையும் ஒற்றை லேத் மிஷினில் ஆரம்பித்து நான்கு லேத் போட்டவர். இதை யாரும் கேட்காமலேயே அவர் சொல்லிவிடுவார் என்பதால் நாமும் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

அறுபத்தோராம் வயதில் ஒருநாள் லேத் பக்கத்தில் நின்றவர், கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தார். வலிப்பு. நல்லவேளை, மிஷின் ஓடவில்லை. டாக்டரம்மா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால்தான் சைக்கிள் என்றும் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் சைக்கிளில் பட்டறைக்குப் போன மனிதர், அந்த வருஷம் முழுக்க மனைவியின் ஸ்கூட்டரில் பின் சீட்டில், மடியில் சாப்பாட்டுப் பையோடு போய் இறங்கினார். முதலாளி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இறங்குகிற அழகை நான்கு வேலைக்காரர்களும் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஒருவழியாக வருஷம் முடிந்தது. ஹெல்மெட் வேண்டும், பெரிய ரோடு கூடாது, கொஞ்ச நாளைக்குத் தனியாகப் போகக் கூடாது, மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. எல்லாவற்றுக்கும் பட்டறைக்காரர் தலையாட்டினார். இன்னொரு தடவை வந்தால் மறுபடியும் ஒரு வருஷம் என்றதற்கும் ஆட்டினார்.

ஆனால் காலை மாத்திரை போட்டால் கண் சொக்கும். பின் சீட்டுக்காரர் சொக்கலாம்; சைக்கிள்காரர் சொக்கலாமா? டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊரார் மிஷினை எல்லாம் சரிபண்ணியவருக்குத் தன் மிஷின் தெரியாதா? ஒரே ஆழமாகச் சீவினால் லேத் திணறும், இரண்டு தடவையாகச் சீவினால் திணறாது. மாத்திரைக்கும் அதே சட்டம்தான் என்று முடிவு கட்டினார். சின்ன வைஸ் இடுக்கியில் பிடித்து, மெல்லிய ரம்பத்தால் நடுவில் அறுத்து, வெர்னியர் அளவுகோலில் அளந்தார். இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று. எழுந்ததும் ஒரு பாதி, கிளம்பும் முன் ஒரு பாதி.

மூன்றாம் நாள். முன்னால் சைக்கிள், பின்னால் ஸ்கூட்டரில் மனைவி, சைக்கிள் வேகத்துக்குக் காலைத் தரையில் தேய்த்தபடி. யாருமில்லாத தெருவில் பெருமைக்கு இரண்டு தடவை பெல் அடித்தார். முக்குத் திரும்பியதும் தலை லேசாகச் சுற்றியது. எதிரே இரண்டு விளக்குக் கம்பங்கள். புதிதாக ஒன்று நட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். இரண்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. நேராக விட்டார்.

இருந்தது ஒரே கம்பம்.

முழங்கை சிராய்த்துக் கிடந்தபடி அவர் கம்பத்தைத் திட்டிக்கொண்டிருக்க, மனைவி அழுதுகொண்டே ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவில் அவருக்கு ஒரே யோசனை. வாயை மூடிக்கொண்டால் ஒரு வருஷம் பின் சீட்டு. திறந்தால் ஆயுசுக்கும் முட்டாள் பட்டம்.

"மறுபடியும் வந்துடுச்சு டாக்டர்" என்றாள் மனைவி. டாக்டரம்மா பேனாவை எடுத்தார். பேனா தாளைத் தொடுவதற்குள் பட்டறைக்காரர் வாய் திறந்துவிட்டது.

"அது இல்லீங்க டாக்டரம்மா. நினைவு தப்பவே இல்ல. மாத்திரையை நான்தான் அறுத்தேன்."

மறுநாளுக்கு அறுத்து வைத்திருந்ததைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேணும்னா அளந்து பாருங்க. நூல் வித்தியாசம் இருக்காது" என்றார்.

கை கால் இழுத்ததா, பேச்சு நின்றதா என்று டாக்டரம்மா மனைவியிடம் விசாரித்தார். பேச்சு நிற்கவே இல்லை என்றாள் அவள். டாக்டரம்மா விளக்கினார்: அது மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரையாம். அறுத்தால் மொத்த மருந்தும் சீக்கிரமே ரத்தத்தில் இறங்கிவிடுமாம். தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும்.

"ஐயா, இவ்வளவு சுத்தமா அறுத்து நான் பார்த்ததே இல்ல. ஆனா இது அறுக்கவே கூடாத மாத்திரை. சொக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மாத்திக் கொடுத்திருப்பேனே."

ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையின் அளவை மாற்றினார்கள். இது வலிப்புக் கணக்கில் சேராது, ஆனால் ஒரு மாதம் சைக்கிளைத் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. பட்டறையில் அவர் டாக்டரம்மா சொன்னதில் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னார். மிச்சத்தை மனைவி சொன்னாள்.

மாதம் முடிந்து சைக்கிள் கிடைத்தது. பூட்டுச் சாவி மட்டும் மனைவியிடம். தினமும் காலையில் அவள் முன்னால் மாத்திரையை முழுசாக விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். நான்கு லேத்துக்கு முதலாளி திறந்து காட்டுகிறார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்குகிறார். அப்புறம்தான் சாவி கைக்கு வருகிறது.