பாதி டேங்கர்

என் தங்கச்சி புருஷனுக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் மூக்கு. மலை அடிவாரத்தில் பிரேக் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். மேலேயிருந்து இறங்கி வருகிற வண்டியெல்லாம் என் கடை வாசலில்தான் மூச்சு வாங்கும். இவர் தன் டேங்கரை ஓரம் கட்டிவிட்டு, அந்த வண்டிகளின் சக்கரம் சக்கரமாகக் குனிந்து மோந்து பார்ப்பார். பிரேக் லைனிங் தீய்ந்த வாடை பலமாக அடித்தால், வளைவுக்கு வளைவு நின்று நின்று வந்திருக்கிறார்கள், மேலே நெரிசல் என்று கணக்கு. டிரைவரைக் கேட்டால் போதாதா? "டிரைவர் வாய்ல ரோடு எப்பவும் நல்லாத்தான் இருக்கும் மச்சான்" என்பார்.

டீ குடிக்கக்கூட யோசிக்கிற ஜென்மம். பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் மலைக்கு அந்தப்பக்க ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. "நீங்க வந்து நின்னாத்தான் உள்ள போவேன்" என்று புருஷனிடம் சொல்லியிருந்தாள். இவரும் அதற்குத் தகுந்த மாதிரிதான் கிளம்பி வந்தார். சமையல் எண்ணெய் லோடு, முழுசும் அந்தப்பக்கம் என்றுதான் பேச்சு. காலையில் அடிவாரத்து ஆலைக்காரர்கள் அவசரம் என்று பாதியை இங்கேயே இறக்கிக்கொண்டார்கள்.

லோடு குறைந்தால் நல்லதுதானே என்பீர்கள். நிறைந்த டேங்கர் தளும்பாது. காலி டேங்கரும் படுத்தாது. பாதி டேங்கர்தான் எமன். வளைவில் திருப்பினால் எண்ணெய் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியைத் தள்ளும். பிரேக்கை மிதித்தால் முன்னால் வந்து முட்டும். இவர் டேங்கருக்குள் தடுப்பும் கிடையாது. நிற்காமல் ஒரே சீராக ஏறி இறங்கினால் சமாளிக்கலாம். நின்று நின்று போனால் சொல்வதற்கில்லை.

மூக்கு மோந்து பார்த்துவிட்டு வந்தார். முகத்திலேயே தெரிந்தது.

"எல்லா வண்டியும் தீயுது மச்சான். நான் சுத்திப் போறேன்."

சமவெளியில் சுற்றினால் மறுநாள்தான் போய்ச் சேரலாம். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"மாப்ள, அங்க படுத்திருக்கிறது என் தங்கச்சி. வண்டிய இங்க போட்டுட்டு பஸ்ல போங்க."

"லோடோட போட்டுட்டுப் போனா நாளைக்கு வேலை இருக்காது. அப்புறம் அவளுக்கு மருந்து நீங்க வாங்கிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்யா!"

"என்கிட்ட வாங்கின ஜாக்கியவே இன்னும் திருப்பிக் குடுக்கல நீங்க."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. அவர் சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு டேங்கருக்குப் பின்னால் போனார். என்ன பேசினார்களோ. திரும்பி வந்து, "உங்களப் போகச் சொன்னா" என்றார். வண்டியில் ஏறினார், போய்விட்டார்.

கடையை இழுத்து மூடிவிட்டுக் கையில் கிரீஸோடு பஸ் ஏறினேன். மேலே நெரிசல் இருக்கணும், இருக்கணும் என்று வேண்டிக்கொண்டே போனேன். ஒரு வளைவில் அச்சு முறிந்த லாரி ஒன்று கிடந்தது. அதையும் ஓரம் தள்ளியிருந்தார்கள். பாதை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பஸ் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

தங்கச்சி பச்சை அங்கியோடு கட்டிலில் கிடந்தாள்.

"ரோடு எப்படிண்ணே இருந்துச்சு?"

"ஐயோ, ஒரே அடைப்பு. வண்டியே நகரல."

"பஸ்ஸு மட்டும் பறந்து வந்துச்சாக்கும்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனதும் கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் போன்.

"உள்ள போயிட்டாளா மச்சான்?"

"போயிட்டா."

"என்னையக் கேட்டாளா?"

"ரோட்டக் கேட்டா."

அந்தப்பக்கம் காற்று பிரேக் உஸ்ஸென்றது. வண்டியை நிறுத்திவிட்டார்.

"மேல எப்படி இருந்துச்சு?"

தங்கச்சியிடம் சொன்ன பொய்யை இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"காலியா இருந்துச்சு மாப்ள."

அவர் போனை வைக்கவில்லை. மூடின கதவைப் பார்த்தபடி நானும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.