பலெர்மோவில் நீராவி தேடியது

அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. நான் தங்கி நின்று பராமரித்துவந்த இத்தாலிய மூதாட்டி, சிஞ்ஞோராவின் படுக்கையறையில் ஹீற்றர் சூடாகாமல் போனதுதான் காரணம். ஜன்னலுக்குக் கீழே சுவரோடு நிற்கும் பழைய வார்ப்பிரும்பு ஹீற்றர். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் சூடு வந்தது. எங்களுடையது மட்டும் பச்சைத்தண்ணி மாதிரிக் கிடந்தது. சிஞ்ஞோரா வீட்டுக்குள்ளேயே வெளிக்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்தா.

வட இத்தாலியில் இருந்த அவவின் மகன் தொலைபேசியில் சொன்னார்: "நத்தார்ப் பண்டிகைக்கு வருவன். அறை இப்பிடியே கிடந்தால் அம்மாவை என்னோடை கூட்டிக்கொண்டு போறன்."

அவ போனால் என் வேலை போகும். வேலை இல்லாமல் இங்கே இருப்பதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிப்பது கஷ்டம். என் கட்டிலும் அந்த வீட்டில்தான் இருந்தது.

குழாய் திருத்த வந்தவர் ஹீற்றரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை விரித்தார். "இது தண்ணி ஓடுற சாதி இல்லை, நீராவி. இப்ப இதைத் தெரிஞ்ச ஆள் இல்லை. எல்லாத்தையும் கழட்டி எறியுங்கோ." கழற்றுவதென்றால் கட்டடத்திலுள்ள எல்லாக் குடும்பமும் சம்மதிக்க வேண்டும். மூன்றாம் மாடிக்காரரும் நான்காம் மாடிக்காரரும் கதைப்பதே இல்லை.

சூடு வரும் மேல் வீட்டாருக்கும் கீழ் வீட்டாருக்கும் அதைப்பற்றி ஒன்றும் தெரியவில்லை. இதேமாதிரி ஒன்று வேறெங்காவது ஓடிக்கொண்டிருந்தால், அதை யார் பார்க்கிறார் என்று கேட்கலாமே என நினைத்தேன். வியாழன் பின்னேரங்களிலும் ஞாயிறு பூசைக்குப் பிறகும் எனக்கு ஓய்வு. பழைய கட்டடங்களாகப் பார்த்து நடந்தேன். நானோ பஸ்ஸில் இறங்கும் இடம் தவறினாலும் சாரதியைக் கூப்பிட வாய் வராதவள். கபோ சந்தைப் பக்கம் ஒரு பெரிய வாசலுக்குள் தலையை நீட்டினேன். காவலாளி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பப் பத்திரிகையில் கண்ணை வைத்து, "மேலை வேலைக்கு ஆள் இருக்கு. உங்கடை நாட்டு ஆள்தான்," என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். இன்னொரு கட்டடத்தின் படிக்கட்டில், ஹீற்றர் நின்ற இடத்தில் கறுத்த கோடுகள் மட்டும் இருந்தன. வுச்சீரியா சந்தையில் பழைய இரும்பு விற்பவனிடம் இரண்டு கிடந்தன. மேலே பூச்சட்டி வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்தாலும் இருப்புக் கொள்ளாது. ஹீற்றரைத் தொட்டுப் பார்ப்பேன். அங்கால் போவேன். திரும்ப வந்து தொடுவேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நிற்கையில், பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவாக்கும் மன்னார் அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"ஏன் பிள்ளை, ஆம்பிளை தேடி அலைஞ்சாலும் ஒரு நியாயம் இருக்கு. இரும்பைத் தேடியே அலையிறாய்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது.

"கோவிக்காதை. அங்கை ஒண்டு சீறிக்கொண்டு நிக்குது. வா, காட்டுறன்."

அன்றே ரயிலில் போனோம். மாளிகைக் கூடத்தில் அது நின்றது, எங்களுடையதோடு கூடப்பிறந்தது போல. பக்கவாட்டில் ஒரு சின்னப் பித்தளை மூடி. அதன் துளை 'ஸ்ஸ்' என்று காற்றை விட்டது.

"இதென்னக்கா?"

"உள்ளுக்கை இருக்கிற காத்து இதாலை போனால்தான் ஆவி வருமாம். இஞ்சத்தை வீட்டுக்காரக் கிழவர் பெயின்ற் அடிக்க வந்தவங்களை இதுக்குக் கிட்டவும் விடேல்லை."

எனக்குத் திக்கென்றது. சிஞ்ஞோராவின் அறைக்குக் கோடையில்தான் பெயின்ற் அடித்தார்கள். ஹீற்றரையும் விடவில்லை, அதன் மூடியையும் விடவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஸ்ரேசனுக்கு ஓடினேன். "விசரி, நில்லடி!" என்று அக்கா பின்னால் கத்தினா. ரயிலில் இருக்கை காலியாக இருந்தும் கதவோடு நின்றே வந்தேன்.

கட்டடத்தின் அடியில் நீராவி மூட்டும் பொயிலர் ஓடாத நேரம் பார்த்து, பெயின்றைச் சுரண்டி, தையல் ஊசியால் துளையைத் திறந்தேன். பொயிலர் திரும்ப மூட்டப்பட்டதும் மூடி முதலில் இருமியது, பிறகு சீறியது. சூடு ஒவ்வொரு விலாவாக ஏறியது. சிஞ்ஞோரா முதலில் தொப்பியைக் கழற்றினா. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோட்டையும் கழற்றினா.

நத்தாருக்கு முதல் நாள் மகன் வந்தார். வந்ததும் வராததுமாக ஹீற்றரில் கை வைத்து, சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சரி. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அம்மா இஞ்சை இருக்கட்டும். பிறகு யோசிப்பம்."

அவர் அந்தப் பக்கம் போனதும் சிஞ்ஞோரா என் கையைப் பிடித்து இழுத்து, "உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வாற வெயிலுக்கை பலெர்மோவிலை ஆருக்கு ஹீற்றர் வேணும்?" என்று காதுக்குள் சொல்லிச் சிரித்தா.

நானும் சிரித்தேன். ஆனால் மனம் அதற்குள் அடுத்த குளிர்காலத்துக்குப் போய்விட்டது.