கன்னம் சிவந்த ராஜா

யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, காலி வீதிப் புடவைக் கடை ஒன்றில் கேஷியராக வேலை பார்த்தேன்.

நாள் முழுக்கச் சில்லறையோடு இருப்பவளுக்குச் சில்லறை மீதே ஆசை வந்தது என்றால் சிரிப்பீர்கள். ஒருநாள் கல்லாவுக்குள் ஓரம் பூ மாதிரி வளைந்த பழைய சதக்காசு ஒன்று கிடந்தது. அதற்குப் பதிலாக என் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். அன்று பிடித்தது பைத்தியம். லீவு நாளில் மற்றப் பிள்ளைகள் படத்துக்குப் போவார்கள், நான் புறக்கோட்டை நடைபாதையில் குந்தியிருந்து காசு கிளறுவேன்.

அங்கேதான் முதல் அடி விழுந்தது. ஒருவர் யானை பொறித்த வெள்ளிக்காசு என்று ஒன்றை நீட்டினார். வெள்ளைக்காரன் வந்த புதிதில் அடித்தது, "ஒரிஜினல் நங்கி" என்று, சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லி, தலையிலடித்துச் சத்தியம் செய்தார். வாங்கி வந்து, எங்கள் வீட்டில் குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்தேன். பழங்காசைத் தேய்க்கவே கூடாது என்பது யாருக்குத் தெரியும்? தேய்க்கத் தேய்க்க யானை சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் கையில் இருந்தது செப்புக்காசு. வேடிக்கை என்னவென்றால், அதுவும் அந்தக் காலத்துக் காசுதான். யாரோ அதற்கு வெள்ளிப் பூச்சுப் பூசி, விலை கூடிய காசாக ஆக்கியிருந்தார்கள்.

ரோஷம் வந்துவிட்டது. நூலகத்தில் புத்தகம் தேடி வாசித்தேன். பூச்சு முதலில் தேய்வது மேடான இடங்களில்தான்: ராஜாவின் கன்னம், மூக்கு நுனி, காதுக்கு மேல் முடி. ஓரத்தைப் பார்க்க வேண்டும், எழுத்துகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், உள்ளங்கையில் வைத்து நிறை பார்க்க வேண்டும். மூன்று மாதத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அரைகுறைப் படிப்பு ஆளைச் சும்மா இருக்க விடாது.

அந்த வீட்டின் முன்னறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியாரின் ஒரே மகன் கனடாவில். கல்யாணமாகி ஐந்தாம் மாதமே ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிக் களவு வழியில் புறப்பட்டுப் போனவர், நாலு வருஷமாகிவிட்டது. இப்போது இருவரையும் அங்கே கூப்பிட்டிருந்தார். விசா வரும்வரை கொழும்பில் காத்திருந்தார்கள். பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி என்று எங்கே போனாலும் சிங்களம் பேச ஆள் வேண்டும். அதனால் நான் துணைக்குப் போவேன். மருமகளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். கடை விட்டு வந்ததும் அவர் அறைக்குத்தான் போவேன். என் காசுகளைப் பரப்பி வைத்து, இது எந்த ராணி, அது எந்த ராஜா என்று நான் அளப்பதைச் சலிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவர். கொழும்பில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதியும் அவரே.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அக்காவின் தாலிக்கொடியின் கொக்கி கழன்றுவிட்டது. மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, கொடியைக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தார். திருத்தக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கொடியில் தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு கோர்ப்பார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் நான் அப்படிப் பார்த்ததில்லை.

மாமியாருக்கு அந்தக் காசுகளில் பெருமை. தன் புருஷன் காலமான பிறகு, தன் கொடியில் இருந்தவற்றைக் கழற்றி மருமகளுக்குக் கோர்த்துக் கொடுத்தவர் அவர். "பிள்ளை, உமக்குக் காசு தெரியுமெல்லே. இதில இருக்கிற ராசா ஆர் எண்டு சொல்லும் பாப்பம்" என்று தட்டை என்னிடம் நீட்டினார்.

தாடி வைத்த ஜோர்ஜ் ராஜா. மறுபக்கம் குதிரை வீரன். ஒன்று மஞ்சளாக, கனமாக இருந்தது. மற்றதில் ராஜாவின் கன்னமும் தாடியும் செம்பாகச் சிவந்திருந்தன. கையில் வைத்தால் பாதி நிறைகூட இல்லை. நானாகக் கண்டுபிடித்த முதல் பூச்சுக்காசு. சந்தோஷத்தில் வாய் முந்திவிட்டது.

"ஆன்ட்டி, இதுல ஒண்ணு பவுன் இல்லைங்க. செம்புல பூசினது."

சொல்லி முடித்துத்தான் நிமிர்ந்தேன். மாமியாரின் முகம் கறுத்துப் போயிருந்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது காசை. அவர்களுக்கு அது தாலி. புருஷன் உயிரோடு இருக்கும்போது அதிலிருந்து ஒரு மணியைக் கழற்றுவதுகூட அவர்களுக்கு ஆகாத காரியம் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் தந்தது எங்க, பிள்ளை?" என்று மாமியார் கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை அவர் கோல் எடுப்பார் மாமி. அவரையே கேளுங்கோ" என்றார் அக்கா.

அடுத்த இரண்டு நாளும் அந்த அறையில் பேச்சு இல்லை. மருமகள் தன் தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப அந்தக் காசைக் கொடுத்துவிட்டாள் என்றே மாமியார் முடிவு கட்டியிருந்தார். என்னிடமே சொன்னார். தனக்கு ஒரு குறையும் வைக்காத பிள்ளை இப்படிச் செய்துவிட்டாளே என்று அழுதார். இவளைக் கூட்டிக்கொண்டு எந்த முகத்தோடு மகனிடம் போவது, திரும்பி ஊருக்கே போகிறேன் என்றும் சொன்னார். நாலு வருஷம் காத்திருந்த பயணம் என் ஒரு வார்த்தையால் கவிழப் போகிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை பின்பக்கக் குழாயடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "அது அவரிட்டத்தான் இருக்கு."

புறப்படுவதற்கு முதல் வாரம் அவரே கேட்டு வாங்கினாராம். வழியில் கையில் வைத்திருக்க அக்காவின் பொருள் ஒன்று வேண்டும் என்று. அந்தக் காசு திரும்பக் கொடியில் ஏறும் நாள்தான் இருவரும் சேரும் நாள் என்று சொன்னாராம். அம்மாவுக்குத் தெரிந்தால் அபசகுனம் என்று பயணத்தையே நிறுத்திவிடுவார் என்பதால், தெரிந்த தட்டானிடம் அதேபோல ஒன்றைச் செம்பில் செய்து பூசி, இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். அவராகச் சொல்லும்வரை வாய் திறப்பதில்லை என்று அக்கா சத்தியம் செய்திருந்தார். "கோல் எடுக்கிற நேரமெல்லாம் கேப்பன். பொக்கற்றுக்க இருக்கு எண்டு சொல்லுவார். அதைக் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். சொல்லும்போது கை தன்னையறியாமல் மஞ்சள் கயிற்றைத் தடவியது. ஒரு மனிதருக்காக இப்படிக் காத்திருக்க முடியுமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போனோம். வெளிநாட்டு அழைப்புக்காக அங்கே எப்போதும் ஒரு கூட்டம் காத்திருக்கும். பத்தரைக்கு எங்களுக்கான போன் மணி அடித்தது. மாமியார்தான் முதலில் கண்ணாடிக் கூண்டுக்குள் போனார். அவர் கேட்பது வெளியே கேட்கவில்லை. ஆனால் முகம் தெரிந்தது. கேள்வி கேட்டவர், பிறகு மகன் சொல்வதற்குக் காது கொடுத்தபடியே நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு கதவைத் திறந்து ரிசீவரை மருமகளிடம் கொடுத்துவிட்டு, வாங்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வித்துப்போட்டானாம்" என்றார். "மொஸ்கோவில. ஏஜென்சிக்காரன் விட்டிட்டுப் போயிட்டானாம். பனிக்குள்ள செருப்போட நிண்டவனாம். அதை வித்துத்தான் காலுக்குச் சப்பாத்தும் சாப்பிடப் பாணும் வாங்கினவனாம்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "என்ர பவுண் என்ர பிள்ளையின்ர காலைக் காப்பாத்தியிருக்கு. நான் இந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு நினைச்சிட்டன்."

நான் கூண்டைப் பார்த்தேன். அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். பேசவில்லை. அந்தப் பக்கத்திலும் பேச்சில்லை போலிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பேசுகிற காலத்தில், இரண்டு பேரும் சும்மா மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நாலு வருஷமாகப் புருஷனின் பொக்கற்றில் இருந்தது வெறும் சொல்தான் என்பது அக்காவுக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. என் வாய் சும்மா இருந்திருந்தால், கனடாவில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தெரிந்துகொண்டிருப்பார். அங்கே அழுதிருந்தால் அவர் தோள் இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் மூவரும் கடல் பக்கமாக நடந்தோம். ரயில் ஒன்று போகும்வரை தண்டவாளத்தருகே நின்றோம். "காலில இப்பவும் ரெண்டு விரல் விறைப்பாம். எனக்கு அதையும் சொல்லேல்லை" என்று மட்டும் அக்கா சொன்னார். மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

அடுத்த பௌர்ணமி, போயா நாள் என்று கடை லீவு. கொட்டாஞ்சேனையில் மாமியாருக்குத் தெரிந்த நகைவேலைக்காரர் ஒருவர் தன் வீட்டிலேயே பட்டறை வைத்திருந்தார். கொடியை அவரிடம் கொண்டு போனோம். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. மாமியார் புதுப் பவுண் போடச் சொல்வார், அந்தச் செம்பைக் கழற்றி எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதைக் கேட்டு வாங்கி என் பெட்டியில் வைக்கும் ஆசைகூட ஒரு மூலையில் இருந்தது.

நகைவேலைக்காரர் கொக்கியைத் திருத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அம்மா, இதில ஒண்டு பூச்சு. மாத்தித் தரவோ?" என்று தணிந்த குரலில் கேட்டார். அத்தனை தணிவாகச் சொல்லவேண்டிய விஷயம் அது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள் தலையசைத்தார்.

"வேண்டாம்" என்றார் மாமியார். "அது அப்பிடியே இருக்கட்டும்."

"அப்ப பூச்சையாவது புதுப்பிச்சு விடுறன். கன்னமெல்லாம் சிவந்து கிடக்கு."

"அதுவும் வேண்டாம்" என்று இந்தமுறை அக்கா சொன்னார். "அவர் பாக்க வேணும். இவ்வளவு நாளும் என்ர நெஞ்சில தேஞ்ச தேய்வு."

நான் பட்டறை வாசலுக்கு வந்து வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்குவதை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் விசா வந்தது. விமான நிலையத்துக்குப் போக வான் வந்து நின்ற பிறகு அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தக் காசு என் தோளில் குத்தியது. எழுதுவதாகச் சொன்னார். நான் அறை மாறினேன், பிறகு கடையும் மாறினேன். கடிதம் வந்து திரும்பிப் போயிருக்கலாம். எழுத நேரம் இல்லாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கலாம். நான் இரண்டாவதையே நம்புகிறேன்.

இன்று என்னிடம் நல்ல சேகரிப்பு இருக்கிறது. புளியில் சிவந்த அந்த யானையும் இருக்கிறது. யாராவது ஒரு காசைக் கொண்டுவந்து அசலா என்று கேட்டால், முதலில் இது யாருடையது என்று கேட்கிறேன். பிறகு அவர்களை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்கிறேன். கனடாவிலிருந்து வரும் பெண்களைக் கல்யாண வீடுகளில் கண்டால் கண் முகத்துக்குப் போவதற்கு முன் கழுத்துக்குப் போய்விடுகிறது, மரியாதையில்லை என்று தெரிந்தும். கன்னம் சிவந்த ஒரு ராஜாவை எங்கே கண்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். இன்னும் காணவில்லை. அக்கா அங்கே போய் இறங்கியபோது அந்தச் சிவப்பை அவர் புருஷன் விரலால் தொட்டுப் பார்த்தாரா என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கேட்கத் துடிக்கிறேன்.