வடிவக்கா வாங்கிய பெரிய தட்டு

வடிவக்காவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் செய்தி வந்தது. எங்கள் தெருவில் மருந்துக்கடையில் மட்டும்தான் டெலிபோன் உண்டு. அக்கா போய்விட்டாள் என்று கடைக்காரர் சாலையைக் கடந்து வந்த நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் பூகோளப் புத்தகத்தை வைத்துக்கொண்டே மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இன்றும் உட்கார முடியவில்லை. இதைக்கூட ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து, நின்றபடிதான் எழுதுகிறேன்.

இந்தக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கும் மந்தைவெளிக்காரர்கள் எல்லோருக்கும் வடிவக்காவைத் தெரியும். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியின் ஒரே மகள். சிறுவயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுவிட்டது. அவள் படியில் கால் வைத்தால் தெருவே "மெதுவா, மெதுவா" என்று குரல் கொடுக்கும். "எனக்குப் பேரே மெதுவான்னு வச்சிருக்கலாம்ட்டி" என்பாள்.

அவள் சேர்த்த ரெக்கார்டுகள் உங்களில் பலருக்குத் தலைவலி. பங்க், நியூ வேவ் என்று சீமையில் இப்போது கிளம்பியிருக்கும் பாட்டுகள். அவர்கள் ஊரிலேயே யாருக்கும் தெரியாத பாடகர்கள். செய்தித்தாள் எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டிய உறைகள். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போவது மூர் மார்க்கெட்டுக்கு வரும். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"இன்னா பாப்பா, இதுல பாட்டா கீது? சட்டி பானை உருட்ற சத்தம்தான் கீது" என்றார் வியாபாரி.

"அந்தச் சத்தம்தான் வேணும் நைனா. எடுங்க."

வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் போடுவாள். "முன்பக்கம் ஊருக்காகப் பாடுறது. பின்பக்கம்தான் அவங்க ஆசைக்குப் பாடுறது" என்பாள்.

அப்படி வந்ததுதான் அந்தப் பெரிய இசைத்தட்டு. நடுவில் இருக்க வேண்டிய காகிதம் தண்ணீரில் ஊறி உரிந்து போயிருந்தது. யார், என்ன பாட்டு, ஒன்றும் தெரியாது. சின்னத் தட்டு என்றால் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, பெரிய தட்டு என்றால் முப்பத்துமூன்று. எங்களுக்குத் தெரிந்த வேகங்கள் அவ்வளவுதான். முப்பத்துமூன்றில் போட்டோம். ஒரு ஆண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அழுதது. நாங்களும் கண் கலங்கினோம். காதலி இறந்திருப்பாள் என்று நான் கதையே கட்டினேன்.

ஒருநாள் சின்னத் தட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, வேகத்தை மாற்ற மறந்து இதைப் போட்டுவிட்டோம். அந்த ஆண் குரல் வந்த இடத்தில், கத்திக்கொண்டு ஒரு பெண் குரல் குதித்து வந்தது! பாட்டு முடிவதற்குள் பாடியவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரிய தட்டிலும் நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது உண்டு என்று எங்களுக்குச் சொல்ல இந்த ஊரில் யார் இருந்தார்கள்? வடிவக்கா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "ஏட்டி, இத்தனை நாளா இந்தப் பிள்ளையை அழ வச்சிருக்கோம்டி!"

அதே மாதம்தான் டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஆபரேஷன் செய்தால் ஓடியாடலாம். ஆனால் கண் விழிக்காமலும் போகலாம். செய்யாவிட்டால் படுக்கையில் சில வருஷங்கள். அண்ணாச்சி மறுத்துவிட்டார். "பையப் பைய இருந்துட்டுப் போயேம்மா. அப்பா இருக்கேன்லா."

அக்கா வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து அந்தத் தட்டைப் போட்டாள், முதலில் முப்பத்துமூன்றில். நானும் இருந்தேன்.

"நல்லாருக்கே. தேவாரம் கணக்கா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

பிறகு நாற்பத்தைந்தில் போட்டாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஏளா, நிறுத்து!"

"ரெண்டும் ஒரே தட்டுதான்ப்பா. மொதல்ல கேட்டது உங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் பிள்ளை அப்படிப் பாடலை, சிரிச்சுல்லா பாடியிருக்கா."

அவர் தட்டைக் குனிந்து பார்த்தார். "நிசமாவே அவ சிரிக்காளா?" என்று கேட்டார்.

"சிரிக்காப்பா."

"இன்னொரு தடவை போடு" என்றார். இந்த முறை காதைப் பொத்தவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ரேஷன் கடை வரிசையில் "பெத்த பொண்ணைக் கத்திக்குக் குடுத்துட்டாரே" என்று பேசுகிறீர்கள். அது அவர் காதிலும் விழுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று அந்த அறையில் நான் இருந்தேன், நீங்கள் இல்லை. அவர் யாரையும் எதற்கும் கொடுக்கவில்லை. தன் மகள் எப்படி இருக்க ஆசைப்பட்டாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பயந்துகொண்டேதான் சம்மதித்தார்.

காரியங்கள் முடிந்து நேற்றுத்தான் அண்ணாச்சி கடை திறக்கக் கிளம்பினார். பஸ் நகர்ந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், பின்னாலேயே ஓடினார். "மாமா, மெதுவா!" என்று என் வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார்.

ஒருவர் ஓடும்போது அந்தச் சொல்லை விழுங்கிக்கொள்வது. வடிவக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.