ஜப்பார் பாய் கவிழ்த்துவைத்த விளக்குகள்

பண்ருட்டி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஜப்பார் பாயின் மகன் போனில் சொன்னான்: "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க." கடலூரில் என்னோடு சேர்ந்து லைட் செட் கடை நடத்திய பாய் இனி இல்லை. அழுகைக்கு முன்பே எனக்குக் கோபம் வந்தது. அது யார் மீதென்று, அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஓர் ஐப்பசிக் காலையில், ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள் மாட்டிய போகஸ் லைட்டுகளைச் சரிபார்க்கப் போயிருந்தோம். மதிலடியில் ஏழெட்டு ஆறுமணிக்குருவிகள் செத்துக் கிடந்தன. வடக்கிலிருந்து இரவில் பறந்து வருபவை. வெளிச்சத்தில் திசை கெட்டுச் சுவரில் மோதியிருக்கின்றன. காவலாளி துடைப்பத்தோடு வந்தார். பாய் அவரைத் தடுத்து, ஒரு குருவியைக் கையில் எடுத்தார். "நாம மாட்டுன லைட்டுதான் மச்சான் கொன்னுருக்கு" என்றார். அன்று வந்த கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

அங்கேயே எல்லா லைட்டையும் தரையைப் பார்க்கத் திருப்பினார். பிறகு, கல்யாண மண்டபங்களுக்கு நாங்கள் போடும் லைட்டுகளுக்கும் வெளிச்சம் மேலே போகாதபடி எண்ணெய் டின்னை வெட்டி மூடி செய்தார். வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் போட்டார்; விழா முடிந்ததும் தானாக அணைய டைமர் வைத்தார். "டல்லா இருக்கே பாய்" என்று மண்டபக்காரர்கள் முகம் சுளித்தால், "வெளிச்சம் தரைக்குத்தானே வேணும்? வானத்துக்கு எவன் கேட்டான்?" என்று சீறுவார். ஆர்டர் குறைந்தது. குருவி பாய் என்று கேலி பேசினார்கள். நானும் பேசினேன்; பண்ருட்டியில் சேதி கேட்டதும் வந்த கோபம் அதற்காக என்மீதே வந்ததுதான்.

அதே மண்டபக்காரர்கள்தான் சிதம்பரத்தில் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நான் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் கொக்குகள் அடையும் தூங்குமூஞ்சி மரம். கீழிருந்து அதன்மீது ஆறு போகஸ் லைட்டுகள்! அடைய வந்த கொக்குகள் இறங்க முடியாமல் கத்திக்கொண்டு சுற்றின.

"எவன்டா இத மாட்டுனது?" என்று கத்தினேன்.

எங்கள் கடை எலக்ட்ரீசியன் தலையைச் சொறிந்தார். "நீங்கதாண்ணே போன்ல சொன்னீங்க, பாய்க்குன்னா ஜாஸ்தியா போடுங்கன்னு."

சொன்னேன்தான். எங்கள் தொழிலில் ஒருவரை மதிப்பதென்றால் நாலு லைட் கூடப் போடுவது. வேறு மரியாதை எங்களுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

நேராகப் போய் ஆறையும் அணைத்தேன். "கரண்ட் போச்சா?" என்று மைக்கில் கேட்டார்கள்.

"நான்தான் அணைச்சேன். கொக்கு அடையட்டும், அப்புறம் பேசுங்க."

முணுமுணுத்தார்கள். கொக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கடையை அவர் மகன் பார்த்துக்கொள்ளட்டும். பாயின் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.