மொட்டைக்கு முன் கத்தி

மகளுக்கு நான்கு வயதில் டான்சிலும் மூக்குக்குப் பின்னாலிருக்கும் அடினாய்டு சதையும் பெரிதாக வீங்கியிருந்தன. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது, இரண்டையும் எடுத்துவிடுவதே நல்லது என்றார் சிதம்பரத்து மருத்துவர். ஆனால் குலதெய்வத்துக்கு மொட்டை போடாமல் குழந்தை உடம்பில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பங்காளி வீட்டில் சாவு விழுந்திருந்ததால் அந்த வருடம் மொட்டை போட முடியாது.

மருத்துவமனைக்குக் கூடவே வந்திருந்த மனைவியின் தம்பி, "அதுவரிக்கும் மருந்து குடுப்போம் மாமா. உங்க கொறட்டைய விடவா இது ஜாஸ்தி?" என்று சிரித்தான். நானும் தலையாட்டினேன்.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவன் மடியில் அவள் தூங்கிப்போனாள். சிறிது நேரத்தில் குறட்டை நின்றது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. காற்று உள்ளே போகவில்லை. அவன் பதறி உலுக்கினான். அவள் திணறி விழித்து அழுதாள்.

"மொட்டைய அப்புறம் பாத்துக்கலாம் மாமா. மொதல்ல ஆபரேஷனுக்கு நாள் கேளுங்க," என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குறட்டையும் போய்விட்டது. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் சத்தமில்லாமல் தூங்கும்போதெல்லாம் இன்னமும் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.